வாசலைத் தொட்டு வா

ஜூலை 9

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நலம். தொலைபேசியில் பேசினால் நம் பேச்சு சண்டையில்தான் போய் முடிகிறது என்று நீ கப்பல் ஏறும்போதே ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி பையனுக்கு, கடிதம் நமக்கு. அந்த ஏற்பாட்டின்படியே எழுதுகிறேன்.

உன் மகனைப் பற்றி ஒரு புகார். அவன் வீட்டிலும் என்னை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறான்.

பள்ளிக்குள் அப்படிக் கூப்பிடுவதுதான் முறை, அதில் எனக்கு மறுப்பில்லை. வாசலுக்குள் உறவில்லை என்பது இந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் சட்டம். அண்ணன் தம்பியானாலும் அப்பா பிள்ளையானாலும் உள்ளே வந்துவிட்டால் ஒருவர் ‘சார்’, மற்றவர் வெறும் வரிசை எண். வாய் தவறினால் முன்வாசல்வரை போய், இரும்புக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி முறையாகக் கூப்பிட வேண்டும். அதுவரை வாய் திறக்கக் கூடாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் இதைக் கற்றுக்கொண்டான். துணைத் தலைமையாசிரியரின் மகன் என்று யாரும் அவனுக்குச் சலுகை காட்டியதில்லை, நானும் காட்டவில்லை.

ஆனால் வீடு பள்ளியல்லவே. சாப்பிட வா என்றால் ‘வரேன் சார்’ என்கிறான். விளக்கை அணை என்றால் ‘சரி சார்’. இதைவிடப் பெரிய வேடிக்கை நேற்று நடந்தது. கால் ஈரமாக இருக்கிறது, துடைத்துக்கொண்டு உள்ளே வா என்றேன். திரும்பிப் போய்க் குடியிருப்பின் வெளிக்கதவைத் தொட்டுவிட்டு வந்து, வாசற்படியில் கைகட்டி நின்றுகொண்டு, ‘சார், உள்ள வரலாமா?’ என்று கேட்கிறான். எனக்குக் கை நீண்டுவிட்டது, அடக்கிக்கொண்டேன். திமிர் இந்த வயதிலேயே இப்படி இருந்தால் மீசை முளைக்கும்போது எப்படி இருக்கும்? பிடிவாதத்தில் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு நீயே அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவை.

மற்றபடி, அவன் வகுப்புப் பையன் ஒருவன் மாடி ஓட்டிலிருந்து வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அதனால் பள்ளியில் கொஞ்சம் பரபரப்பு. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூலை 19

என்னங்க,

‘அன்புள்ள மனைவிக்கு’, ‘உன் கணவன்’. தபால்காரருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று எழுதினீர்களா? விடுப்பு விண்ணப்பத்தில்கூட இதைவிட ஈரம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேசினேன். வார்டு வேலை முடிந்து, மேட்ரன் அறையில் தொலைபேசிக்காகக் காத்திருந்து, மணி அடித்ததும் குருவிதான் எடுத்தான். அப்பா எங்கேடா என்றேன். ‘சார் குளிக்கிறாங்கம்மா’ என்றான். எனக்கு ஒரு நிமிடம் எந்த வீட்டுக்குப் போட்டுவிட்டேன் என்றே தெரியவில்லை. உங்கள் முகத்துக்கு நேராக மட்டும் சொன்னால் திமிர் என்று நானும் ஒத்துக்கொள்வேன். நீங்கள் இல்லாத இடத்தில், பெற்ற தாயிடம் சொல்கிறானே, அது திமிரா? திமிர் பிடித்த குரலை எனக்குத் தெரியாதா, உங்களோடு குடும்பம் நடத்தியவள்தானே. இது அந்தக் குரல் இல்லை. காய்ச்சல்காரன் பேசுவதுபோல் மெல்லப் பேசுகிறான். சாப்பிட்டாயா என்றால் ‘ம்’. பள்ளிக்கூடம் எப்படி என்றால் ‘ம்’. நெட்டையன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டான்.

அப்போதுதான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விழுந்த பையன் நெட்டையனா? ‘வகுப்புப் பையன் ஒருவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை உங்களுக்கு ஒருவனாகிவிட்டானா? அவன் அம்மா தைத்துக் கொடுத்த சட்டையைத்தான் குருவி இன்றும் போட்டுக்கொண்டு திரிகிறான்.

பூசி மெழுகாமல் எழுதுங்கள். என்ன நடந்தது?


ஜூலை 29

அன்புள்ள உனக்கு,

ஆம், அவன்தான். உன்னைப் பதறவைக்க வேண்டாமென்றுதான் எழுதவில்லை.

காலை வணக்கத்துக்கு முன்பு நடந்தது. வகுப்பில் சிலர் அவன் பையைப் பிடுங்கி மேல்மாடி ஜன்னல் வழியாக ஓட்டின்மேல் எறிந்திருக்கிறார்கள். பள்ளி எவ்வளவு பழையதோ அந்த ஓடும் அவ்வளவு பழையது. முந்தின நாள் மழையில் பாசி ஊறிக் கிடந்தது. பையை எடுக்க இறங்கியவன் வழுக்கி, விளிம்பில் மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். மேலே ஏறவும் முடியவில்லை. எறிந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். பிறகு கை விட்டுவிட்டது. முதுகெலும்பில் அடி. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கால்களைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

உன் மகன் அப்போது என்னிடம் வந்தான். நீ எப்படியும் அவனிடம் துருவிக் கேட்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முன்முற்றத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்குழுவின் புதிய செயலாளர் முதல்முறையாகப் பார்வையிட வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். இவன் மொத்தப் பள்ளியும் பார்க்க ‘அப்பா, அப்பா’ என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். பையன்கள் சிரித்தார்கள். நான் கையை உயர்த்தினேன். ‘வாசலைத் தொட்டு வா’ என்றேன். வேறு எந்தப் பையனிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், மறுபடி கையை உயர்த்தினேன். போனான். செயலாளர், ‘இதுதான் சார் இந்தப் பள்ளிக்கூடம்’ என்று என் தோளைத் தட்டினார். அவன் திரும்பி வந்து என் முன்னால் நின்று ‘சார்’ என்று சொல்லவும், பின்கட்டில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

அவன் எதற்காக வந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் ஏன் அதைச் சொல்லவில்லை? நெருப்பு என்றால் நெருப்பு என்று கத்த வேண்டியதுதானே?

நானும் இதே பள்ளியில் படித்தவன். என் அப்பா எனக்குக் கணக்கு எடுத்தார். படித்து முடிக்கும்வரை அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டேன், வாசலையும் பலமுறை தொட்டேன். எனக்கு என்ன கெட்டுப்போயிற்று? மண்டபத்தில் பொன்னெழுத்துப் பலகையில் இருவர் பெயரும் இருக்கிறது.

ஆகஸ்ட் 28 பள்ளிக்குழு விசாரணை. விழுவதற்கு முன்பு எந்த ஆசிரியருக்கும் தகவல் வரவில்லை என்பதுதான் பள்ளியின் நிலை என்கிறார் தலைமையாசிரியர். அதில் பொய் இல்லை, தகவல் எனக்கு வரவில்லைதான். செயலாளரே விசாரணைக்குத் தலைமை தாங்குகிறார்.

உன் கணவன்


ஆகஸ்ட் 8

என்னங்க,

உங்கள் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கூட இருந்த பெண் என்னை உட்காரவைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் கையை உயர்த்தினால் பேசக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நானா? வேறு பிள்ளையாக இருந்திருந்தால் உங்கள் கையைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கும். நல்ல பிள்ளையாக வளர்த்தீர்களே, அதனால் ஓடினான். அந்த முற்றம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நண்பன் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று தெரிந்தே, உங்கள் சட்டத்துக்காக வாசலுக்கு ஓடி, கதவைத் தொட்டு, திரும்பி ஓடி வந்திருக்கிறான். ஓடும்போது அந்தப் பிள்ளை மனம் என்ன பாடு பட்டிருக்கும்? ‘அப்பா’ என்று கூப்பிட்டதால்தான் நெட்டையன் விழுந்தான் என்று அவனுக்குள் பதிந்துபோயிருக்கிறது. இனி அந்த வார்த்தை அவன் வாயில் எப்படி வரும்? இதை நீங்கள் திமிர் என்று எனக்குப் புகார் எழுதினீர்கள்.

எனக்கு என்ன கெட்டுப்போயிற்று என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

உங்கள் அப்பா கடைசியாகப் படுத்திருந்த வார்டில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. தினமும் மாலையில் ஒருவர் வந்து கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பார். ‘சார், மருந்து சாப்பிட்டீங்களா சார்’ என்று கேட்பார். பெரியவருக்கு இவ்வளவு விசுவாசமான பழைய மாணவர் இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். பெரியவர் போய்க்கொண்டிருந்த அன்று உங்களிடம்தான் வந்து கேட்டேன்: ‘சொந்தக்காரங்க யாரும் வரலையாங்க? பையன்னு யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.’ ‘சரிங்க நர்சம்மா’ என்று நகர்ந்துவிட்டீர்கள். பார்வையாளர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே ‘மகன்’ என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன். அந்தப் பரிதாபத்தில்தான் கல்யாணமே செய்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடைசி மூச்சு வரைக்கும் நீங்கள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. அவர் கண் திறந்து திறந்து உங்களைத்தான் பார்த்தார், நான் பார்த்தேன். உங்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம். சொல்லவில்லையென்றால் நான் வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நான் சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 17

நர்சம்மா,

அந்த வார்டில் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபமாக எழுதினேன், கிழித்துப் போட்டேன். என் அப்பா கண் திறந்து பார்த்ததை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். நானும் பார்த்தேன். என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துதான் நின்றேன். தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. பழக்கமில்லாத வார்த்தை. அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய துணிக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வேலையை இங்கேயே கொண்டுவந்துவிட்டாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நான் எதற்குத் தகுதி என்று எழுந்தாளோ. ‘கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு நின்னானாமே சார்,’ என்றாள். ‘அத்தனை பேர் இருக்கிற பள்ளிக்கூடத்துல ஒருத்தர்கூடவா பாக்கல?’

விசாரிக்கிறோம் அம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். சொன்னால் செயலாளரையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவர் பக்கத்தில் நின்று என் தோளைத் தட்டியதை அவர் தலைமையிலேயே எப்படிச் சொல்வேன்? வேலை போகும், இந்த வீடு போகும், பலகையில் என் பெயரைச் சுரண்டிவிடுவார்கள். ஏழு வயதில் அந்த வாசலுக்குள் நுழைந்தவன் நான். பையனாக, பிறகு வாத்தியாராக. மாலை மணி அடித்துப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் நான் மட்டும் போகாமலே இருந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. வெளியே போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, நர்சம்மா.

அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். ஏதோ எழுதுகிறான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ‘வேணாம் சார்.’


ஆகஸ்ட் 20

என்னங்க,

உங்கள் பதில் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் எழுதுகிறேன். தபாலை நம்ப முடியாது, விடுப்பில் ஊருக்கு வரும் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். 28க்கு முன்னால் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நேற்று மேட்ரனின் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு வார நடுவில் பேசினேன். நீங்கள் இன்னும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. குருவி முதலில் ‘ம்’ கொட்டினான். நான் அழ ஆரம்பித்ததும் அவனும் அழுதான். பிறகு கொட்டிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நெட்டையனுக்கு நினைவு திரும்பிப் பேச்சு வந்ததும் இவனைப் பார்த்து முதலில் என்ன சொன்னான் தெரியுமா? ‘கூட்டிட்டு வரேன்னு போனியே, வரவேயில்லையேடா.’ அதைச் சொல்லிவிட்டு, பை கிடைத்ததா என்று கேட்டிருக்கிறான். இவன் பதில் சொல்லாமல் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். அன்றைக்குத்தான் உங்கள் வீட்டு வெளிக்கதவைத் தொட்டுவிட்டு வந்து உள்ளே வரலாமா என்று நின்றது. நீங்கள் அடிக்கக் கை ஓங்கிய நாள்.

இன்னொன்றும் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தலைமையாசிரியர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, விசாரணையில் உன்னையும் கேட்பார்கள், நீ யாரிடமும் எதுவும் சொல்லவில்லை அல்லவா என்று கேட்டாராம். இவன் ‘ஆமா சார், சொல்லல’ என்றிருக்கிறான். என்னிடம் சொல்கிறான்: ‘நான் சொல்லலைன்னு சொல்லிட்டா சாருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நான்தானே வாசலுக்கு ஓடினேன்.’

உங்களைக் காப்பாற்றப் போகிறானாம். அப்பா என்று கூப்பிட நாக்கு எழாத பிள்ளை உங்களுக்காகத் தலை கொடுக்கத் துணிந்திருக்கிறது. ஊரெல்லாம் கேட்க, நண்பன் சாகக் கிடந்தபோது யாரிடமும் சொல்லாமல் வேடிக்கை பார்த்தவன் என்ற பேரை இந்தப் பன்னிரண்டு வயதில் வாங்கிக்கொள்ளப் போகிறான். நெட்டையனின் அம்மாவும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள்.

விடுப்பு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். கடவுச்சீட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் இருக்கிறது. பறந்து வர எனக்குச் சிறகில்லை. இந்தத் தடவை மிரட்டவில்லை. உங்களைத் தவிர அங்கே அவனுக்கு யாரும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், அவனைச் சொல்லவிடாதீர்கள்.


ஆகஸ்ட் 29

நர்சம்மா,

உன் கடிதம் 27 மாலை கைக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன். போகும்போதும் ஒரு முடிவோடு போகவில்லை. பொய் சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி கிடைக்குமா என்றுதான் படியேறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெரிய மனிதனாக நினைத்துவிடாதே.

பொன்னெழுத்துப் பலகைக்குக் கீழே நீள மேஜை. நடுவில் செயலாளர், இந்தப் பக்கம் தலைமையாசிரியர், அந்தப் பக்கம் நான். ஒழுங்கு என் பொறுப்பு என்பதால் கேள்வி கேட்பதும் நானாம். எதிரே பெஞ்சுகளில் பெற்றோர்கள். நெட்டையனின் அம்மா முன்வரிசையில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு. பை எறிந்த பையன்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். பிறகு ‘ஏழு பி, பதினேழு’ என்று அழைத்தார்கள்.

குருவி வந்து நின்றான். நீ போனபிறகு அவன் இவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிறேன், பார்க்கவில்லை. தலைமையாசிரியர் என் பக்கம் காகிதத்தைத் தள்ளினார். அதில் இருந்த கேள்வியைக் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

‘விழுறதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொன்னியா?’

‘இல்ல சார்.’

நெட்டையனின் அம்மா அவனைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அவன் தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல். பரீட்சையில் பதில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பானே, அப்படி.

எழுந்துவிட்டேன். அவன் சொல்ல வந்தான், நான் விடவில்லை என்றேன். வாசலைத் தொட்டு வா என்று அனுப்பினேன், அவன் போய் வருவதற்குள் அந்தப் பிள்ளை விழுந்துவிட்டான், அனுப்பியது நான், பக்கத்தில் நின்று பாராட்டியவர் செயலாளர் என்றேன். நீளமாக ஒன்றும் பேசவில்லை. ‘சாருக்கு உடம்பு சரியில்லை’ என்றார் செயலாளர். மாணவனே தெளிவாக ‘இல்லை’ என்று சொன்ன பிறகு நான் ஏன் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கேட்டார்.

‘அவன் பொய் சொல்றான்,’ என்றேன். ‘என்னைக் காப்பாத்தச் சொல்றான். அவன் என் பையன்.’

தலைமையாசிரியர் பழக்கதோஷத்தில் குறுக்கிட்டார். ‘சார், வாசலுக்குள்ள பையன் கியன்னு சொல்லாதீங்க. பதினேழுன்னு சொல்லுங்க.’

அதற்குமேல் எனக்கு என்ன தோன்றியது என்று விளக்கத் தெரியவில்லை. வாய் தவறினால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். மண்டபத்தைவிட்டு இறங்கி, முற்றத்தின் நீளத்துக்கும் நடந்து போனேன். வகுப்புகளிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவைத் தொட்டேன். வெயிலில் சுட்டது. திரும்பி நடந்தேன். எவ்வளவு நீளம் அந்த முற்றம். வேகமாக ஓடினாலும் முடியாத நீளம். நானே பிள்ளையாக இருந்தபோது ஓடியிருக்கிறேன், எப்படி மறந்தேன்? பாதி வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

மண்டபத்து வாசலில் நின்று கூப்பிட்டேன்.

‘குருவி. வாடா, வீட்டுக்குப் போகலாம்.’

நீ வைத்த அந்தப் பெயரை அந்தச் சுவர்களுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் செயலாளரைப் பார்த்தான், அனுமதி கொடுப்பாரோ என்று. பிறகு வந்தான். இரண்டடி தள்ளித்தான் நடந்தான். நான் அப்பாவின் கட்டிலிலிருந்து தள்ளி நின்ற அதே இரண்டடி. வாசலைத் தாண்டியதும், ‘சார், பை உள்ளயே இருக்கு,’ என்றான். இருக்கட்டும் என்றேன்.

சினிமாவில் மாதிரி அவன் ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று எனக்குள் ஓர் அசட்டு நம்பிக்கை இருந்தது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

இன்று காலை வேலைநீக்க ஆணை வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அச்சகத்துக்கு மேலே ஒரு மாடி அறை பார்த்திருக்கிறேன், கீழே அச்சகக்காரர் கூப்பிட்டுவிடுவார், எண்ணைப் பின்னால் எழுதியிருக்கிறேன். நெட்டையனின் அம்மாவிடம் போய் நின்றேன். அவள் திட்டவில்லை. ‘பையனை வரச் சொல்லுங்க, என் பிள்ளை தேடுறான். நீங்க இனிமே உள்ள வராதீங்க சார்,’ என்றாள். நியாயம்தான். கால் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அந்தப் பிள்ளை நடக்கப்போவதில்லை. என் பிள்ளை என்னைக் கூப்பிடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாயே, வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. நான் தடுக்க மாட்டேன்.


செப்டம்பர் 10

என்னங்க,

கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேட்ரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும். அச்சகத்துக்கு மேலே மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் படிக்கட்டில் படுத்துக்கொள்ளுங்கள்.

கால் வராது என்பதைப் படித்துவிட்டு என் வேலையை என்னால் பார்க்க முடியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் வருடக்கணக்காகப் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறேன், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். வந்ததும் அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் போவேன். அவன் அம்மா என்னையும் துரத்தினால் மறுநாளும் போவேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று எனக்கும் தெரியும்.

உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். ஆனால் நீங்கள் அந்த முற்றத்தை நடந்து முடித்ததைப் படித்தபோது, பெரியவர் கட்டிலருகே கண்ட அந்த மனிதரை மறுபடி நினைத்துக்கொண்டேன். இந்த முறை பாவம் என்று மட்டும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அச்சகக்காரர் எண்ணுக்குப் பேசினேன். மெஷின் இரைச்சலில் குருவி கத்திக் கத்திப் பேசினான். நெட்டையனுக்கு வீட்டுப் பாடமெல்லாம் சொல்லிக்கொடுக்கிறானாம், நெட்டையன் இவன் கையெழுத்தைக் கேலி செய்கிறானாம். அதன்பிறகு சொன்னான்: ‘ஆஸ்பத்திரிக்கு நேத்தும் போனோம்மா. அப்பா உள்ள வரல, கேட்டுக்கு வெளியிலயே நின்னாரு. மழை வேற. நான் வர வரைக்கும் நனைஞ்சிட்டே நின்னாரும்மா, குடைய என்கிட்ட குடுத்துட்டாரு.’

சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அப்படியே குடையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொண்டால் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டுவிடுவானோ என்று பயம். ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டேன்.

நீங்களும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். அவனைக் கேட்காதீர்கள், தூண்டாதீர்கள், இந்தக் கடிதத்தை அவன் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். என்னிடம் வந்துவிட்டது, உங்களிடம் வர நாளாகும். எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. தெருவில் வரலாம், பத்துப் பேர் நடுவில் வரலாம், நீங்கள் வேறு யாரிடமோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது வரலாம்.

எப்போது கூப்பிட்டாலும், முதல் தடவையிலேயே திரும்பிப் பாருங்கள்.